சிறிய கேபினட், மூன்று மானிட்டர், கடலோர வெயில்: கேமிங் கணினிக்கான பாகங்கள், ஓர் ஒப்பீடு

கைக்கு அடக்கமான ஒரு கேபினட்டின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, அதற்குள் எந்தக் கிராபிக்ஸ் கார்டு நுழையும் என்று தேடத் தொடங்குவதே சிறிய கேமிங் கணினி வாங்க நினைப்பவர்களின் வழக்கமாக இருக்கிறது. வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் மானிட்டர்கள், பிறகு அவற்றை இயக்கும் கிராபிக்ஸ் கார்டு, பிறகு அந்தக் கார்டின் வெப்பத்தை மே மாதக் கத்திரி வெயிலிலும் வெளியேற்றக்கூடிய கேபினட் என்று முடிவு செய்துகொண்டு போனால், மற்ற பாகங்கள் ஏறக்குறைய தாமாகவே அமைந்துவிடும். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ பத்துக்குப் பத்தடி அறையில், ஒரே மேசையில் பகலில் அலுவலக வேலை செய்து இரவில் விளையாடுபவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அவருக்கு இரண்டு மூன்று திரைகள் வேண்டும். பெரிய டவர் கேபினட்டுக்கு இடமில்லை.

மானிட்டர்களில் மூன்று வழிகள் உள்ளன. ஒரே மாடலில் 24 அங்குல 1080பி (1920 x 1080 புள்ளிகள் கொண்ட) மானிட்டர்கள் மூன்றை வாங்கலாம். 27 அங்குல 1440பி (2560 x 1440 புள்ளிகள் கொண்ட) மானிட்டர் ஒன்றை நடுவில் வைத்து, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய மானிட்டர்களை இருபுறமும் நிறுத்தலாம். அல்லது வழக்கத்தைவிட அகலமான 34 அங்குல அல்ட்ராவைடு மானிட்டர் ஒன்றும், அதற்குத் துணையாகச் சாதாரண மானிட்டர் ஒன்றும் போதும் என்று முடிவு செய்யலாம். இவற்றில் எது நமக்கு ஒத்துவராது என்பதை மேசையின் நீளமே சொல்லிவிடும். 24 அங்குல மானிட்டர் சட்டத்தோடு சேர்த்துச் சுமார் 54 செ.மீ. அகலம் இருப்பதால், மூன்றை நேர்வரிசையில் வைத்தால் 160 செ.மீ.யைத் தாண்டுகிறது. பக்கத் திரைகளை உள்நோக்கித் திருப்பி வைத்தாலும் ஐந்தடி மேசை தேவைப்படும்; கம்ப்யூட்டர் டேபிள் என்று கடைகளில் விற்கப்படும் நான்கடி மேசையில் அவை அடங்கமாட்டா. அல்ட்ராவைடு சுமார் 81 செ.மீ. அகலம், அதன் அருகில் 24 அங்குல மானிட்டரைச் செங்குத்தாக நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து நான்கடிக்குள் முடிந்துவிடும். செங்குத்துத் திரை விளையாட்டுக்குப் பயன்படாது என்றாலும், மின்னஞ்சலுக்கும் நிரலுக்கும் நீண்ட ஆவணங்களுக்கும் அதைவிட வசதியானது வேறில்லை. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு முன்பு 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்திருப்பதும் அல்ட்ராவைடுக்குச் சாதகமாகிவிட்டது.

மூன்று திரைகளிலும் ஒரே விளையாட்டை விரித்து ஆடப் போகிறோமா, அல்லது நடுத்திரையில் ஆடிக்கொண்டு மற்றவற்றில் டிஸ்கார்டையும் பிரவுசரையும் திறந்து வைத்திருக்கப் போகிறோமா என்ற கேள்விக்கு இங்கேயே விடை தேடிக்கொள்வது நல்லது. லாஸ்பேட்டையில் இருக்கும் என் அத்தை மகனைப் போல ஸ்டீயரிங் வீலும் பெடலும் வைத்துக்கொண்டு யூரோ டிரக் சிமுலேட்டர் 2, அசெட்டோ கோர்சா போன்றவற்றை ஆடுபவர்களுக்கு மூன்று திரைகள் உண்மையிலேயே பயன் தருகின்றன. பக்கக் கண்ணாடியைப் பார்க்கவும், வளைவில் அடுத்த வண்டி எங்கே வருகிறது என்று அறியவும் பக்கத் திரைகள் வேண்டும். அந்த விளையாட்டுகளும் பல திரைகளை முறையாக ஆதரிக்கின்றன. வாலரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகளோ 16:9 விகிதத்துக்கு மேல் காட்சியை விரித்துக் கொடுப்பதில்லை. அவற்றை மட்டுமே ஆடுபவர் மூன்று ஒரே மாதிரி மானிட்டர்களுக்குச் செலவிடுவது வீண். ஏஎம்டியின் ஐஃபினிட்டியும் என்விடியாவின் சரவுண்டும் மூன்று திரைகளை ஒரே திரையாகக் கணினிக்குக் காட்டும் வசதிகள். அவை சரியாக வேலை செய்ய மூன்று மானிட்டர்களும் ஒரே ரெசல்யூஷனிலும் ஒரே ரெஃப்ரெஷ் ரேட்டிலும் (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற ஹெர்ட்ஸ் கணக்கு) இருப்பது நல்லது. ஆகவே சிமுலேட்டர் ஆடுபவருக்கு முதல் வழி. மற்ற பெரும்பாலோருக்கு இரண்டாவது வழி. நான்கடி மேசைக்காரருக்கு மூன்றாவது வழி.

கிராபிக்ஸ் கார்டின் மேல் விழும் சுமையைப் பிக்சல் கணக்கில் பார்த்தால் தேர்வு இன்னும் தெளிவாகும். ஒரு 1080பி திரையில் சுமார் 21 லட்சம் பிக்சல்கள் உள்ளன. மூன்றில் 62 லட்சம். ஒரு 1440பி திரையில் 37 லட்சம், 34 அங்குல அல்ட்ராவைடில் சுமார் 50 லட்சம், 4கே திரையில் 83 லட்சம். மூன்று 1440பி திரைகளில் ஒரே விளையாட்டை விரித்தால் 1 கோடியே 10 லட்சத்தைத் தாண்டுகிறது. அது 4கேவைவிடக் கனமான வேலை என்பதால், சிறிய கேபினட்டில் அடங்கும் கார்டுகளை வைத்துக்கொண்டு அந்த ஆசையை வளர்க்க வேண்டாம் என்றே சொல்வேன்.

பழைய மானிட்டர்களைக் கலந்து பயன்படுத்துவதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தன் நினைவகத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த மாற்றத்தைத் திரையில் படம் சிதறாமல் செய்ய, ஒரு ஃபிரேம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் கிடைக்கும் மிகச் சிறிய இடைவெளியை அது பயன்படுத்துகிறது. நடுத்திரை 144 ஹெர்ட்ஸிலும் பக்கத் திரைகள் 60 ஹெர்ட்ஸிலும் ஓடும்போது அந்த இடைவெளிகள் ஒன்றுசேர்ந்து வருவதில்லை. எனவே சில கார்டுகள் நினைவகத்தை எப்போதும் முழு வேகத்திலேயே வைத்திருக்கின்றன. பகல் முழுவதும் எக்செல் மட்டும் திறந்திருக்கும் கணினியில் கார்டு சூடாகவே இருப்பதற்கும், அதன் ஃபேன் விட்டுவிட்டுச் சுழல்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். வேலை நேரத்தில் நடுத்திரையை 120 ஹெர்ட்ஸுக்குக் குறைத்து வைத்தால் பல நேரங்களில் இது தணிந்துவிடுகிறது. பெரிய கேபினட்டில் இந்தச் சூடு கவனத்துக்கே வராது. சிறிய கேபினட்டில் அது நாள் முழுவதும் தேங்கி நிற்கும்.

கேபிள் இணைப்புகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுபவர்களே அதிகம். குறைந்த விலை 24 அங்குல மானிட்டர்களில் பல, எச்டிஎம்ஐ ஒன்றும் விஜிஏ ஒன்றும் மட்டுமே கொண்டிருக்கின்றன. கிராபிக்ஸ் கார்டுகளிலோ பெரும்பாலும் ஒரே ஒரு எச்டிஎம்ஐதான், மற்றவை டிஸ்பிளேபோர்ட். மூன்று எச்டிஎம்ஐ மானிட்டர்களை வாங்கிவிட்டால் இரண்டுக்கு டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் தேவைப்படும். அதில், கார்டின் வேகத்துக்கேற்பத் திரை தன் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றிக்கொள்ளும் ஃபிரீசிங்க் போன்ற வசதிகள் பெரும்பாலும் கிடைக்காமல் போகும்; மலிவான அடாப்டராக இருந்தால் ரெஃப்ரெஷ் ரேட்டும் குறையும். டிஸ்பிளேபோர்ட் உள்ள மானிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது பின்னால் வரும் பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

கார்டுகளில் இந்த வகைக் கணினிக்குப் பொருந்துபவை என்று நான்கைந்தை மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். ஆர்டிஎக்ஸ் 5060 வெறும் 145 வாட்டில் ஓடுகிறது. இரட்டை ஃபேன் கொண்ட குட்டிக் கார்டுகளாகக் கிடைப்பதால் எந்தக் கேபினட்டிலும் நுழைந்துவிடும். ஆனால் அதன் நினைவகம் 8 ஜிபி. பக்கத் திரைகளில் திறந்திருக்கும் பிரவுசரும் வீடியோவும் அந்த 8 ஜிபியிலிருந்தே தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதை நினைவில் கொண்டால், பல மானிட்டர் கணினிக்கு அது குறைவு என்பது விளங்கும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியின் 16 ஜிபி வகை சுமார் 160 வாட்டிலும், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐயின் 16 ஜிபி வகை 180 வாட்டிலும் ஓடுகின்றன. என் தேர்வு இந்த இரண்டுக்குள்தான் அடங்கும். இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாட்டை வேகத்தில் தேடுவதைவிடக் கார்டின் பின்புறத்தில் தேடுவது பயனுள்ளது. 5060 டிஐயில் வழக்கமாக மூன்று டிஸ்பிளேபோர்ட்டும் ஒரு எச்டிஎம்ஐயுமாக நான்கு இணைப்புகள் உள்ளன. 9060 எக்ஸ்டி கார்டுகள் பெரும்பாலானவற்றில் மொத்தம் மூன்றுதான். மூன்று மானிட்டரோடு நிறுத்திக்கொள்பவருக்கு 9060 எக்ஸ்டி போதுமானது. மேலே ஒரு சிறிய நான்காவது திரையோ, கூடத்தில் இருக்கும் டிவிக்கு ஒரு நீண்ட கேபிளோ வேண்டும் என்பவருக்கு 5060 டிஐ எளிது. இதற்கு மேலே 220 வாட் ஆர்எக்ஸ் 9070யும் 250 வாட் ஆர்டிஎக்ஸ் 5070யும் உள்ளன. மூன்று 1080பி திரைகளில் சிமுலேட்டரை உயர்ந்த தரத்தில் ஆட விரும்புபவர் 9070ஐ எடுப்பதை நான் வரவேற்பேன். 16 ஜிபி நினைவகம் இருந்தும் அதன் மின்தேவை 12 ஜிபி கொண்ட 5070ஐவிடக் குறைவு.

இனி வெப்பம். இணையத்தில் நாம் பார்க்கும் வெளிநாட்டுச் சோதனைகளில் அறையின் வெப்பநிலை பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரை இருக்கும். கடலூரில் மே மாதத்து மாலையில் ஏசி இல்லாத அறை 34, 35 டிகிரியில் நிற்கும். கார்டு எத்தனை டிகிரி ஏறுகிறது என்பது அறை வெப்பத்துக்கு மேலே உள்ள கணக்கு என்பதால், சோதனையில் 72 டிகிரி காட்டிய கார்டு நம் வீட்டில் 83, 84 டிகிரியைத் தொட்டு, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கலாம். கணினி சுவர் பிளக்கிலிருந்து இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே வந்து சேர்கிறது. மானிட்டர்களோடு சேர்த்து 400 வாட் இழுக்கும் கணினி ஓடினால், ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய 3,500 வாட்டில் ஒன்பதில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். சிறிய கேபினட் வெப்பத்தைக் குறைப்பதில்லை. அதே வெப்பத்தைக் குறுகிய இடத்தில் அடைக்கிறது.

அதனால்தான் கேபினட்டுகளை ஒப்பிடும்போது கொள்ளளவில், அதாவது லிட்டர் கணக்கில், எது சிறியது என்ற போட்டியில் எனக்கு நம்பிக்கையில்லை. ஃபிராக்டல் டெர்ராவைப் போன்ற 10 லிட்டர் கேபினட்டுகளில் மதர்போர்டு ஒருபுறமும் கிராபிக்ஸ் கார்டு மறுபுறமுமாக முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். இரண்டையும் ஒரு ரைசர் கேபிள் இணைக்கும். பார்க்க மிக அழகானவை, செய்நேர்த்தி உள்ளவை. ஆனால் பிராசஸர் கூலருக்குக் கிடைக்கும் உயரம் மிகக் குறைவு, காற்றை இழுக்கத் தனி ஃபேன்களுக்கு இடம் அரிது, ரைசர் கேபிள் பழைய தலைமுறையாக இருந்தால் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளில்) வேகத்தைக் கைமுறையாகக் குறைத்து வைக்காதவரை திரை கறுப்பாகவே இருக்கும். கூலர் மாஸ்டர் என்ஆர்200 வகை சுமார் 18 லிட்டர். அதில் 330 மி.மீ. நீளக் கார்டும், 155 மி.மீ. உயரக் கூலரும் அடங்கும். கீழிருந்து காற்றை இழுத்து மேலே தள்ளும் ஃபேன்களுக்கும் இடமுண்டு. நடுத்தர அளவுள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டை ஏற்கும் லியன் லி ஏ3 போன்ற சிறிய கேபினட் 26 லிட்டர். எண்ணில் பார்த்தால் டெர்ராவைவிட இரண்டரை மடங்கு பெரியதாகத் தோன்றும் இது, மேசையில் எடுத்துக்கொள்ளும் அகலம் 19.4 செ.மீ.தான், என்ஆர்200 18.5 செ.மீ. வேறுபாடு ஒரு விரல் அகலம்கூட இல்லை. மீதியெல்லாம் ஆழத்திலும் உயரத்திலும்தான் கூடுகிறது, மானிட்டருக்குப் பக்கத்தில் வைக்கும்போது அது கண்ணை உறுத்துவதும் இல்லை.

கடல் காற்றையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். தேவனாம்பட்டினத்தில் கடற்கரைக்கு அருகில் உள்ள ஒரு வீட்டில் சில ஆண்டுகள் ஓடிய கணினியைத் திறந்து பார்த்திருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டைக் கேபினட்டோடு பிணைக்கும் திருகின் தலை பழுப்பேறித் தேய்ந்து, ஸ்க்ரூடிரைவர் பிடிக்காமல் வழுக்கியது. கூலரின் அலுமினியத் தகடுகளின் விளிம்பில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. இடையிலிருந்த தூசி ஊதினால் பறக்காமல் ஈரத்தோடு அப்பிக்கொண்டிருந்தது. உப்பு கலந்த தூசி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால் இப்படி ஆகிறது. காற்று உள்ளே நுழையும் பக்கங்களில் எல்லாம் கழற்றிக் கழுவக்கூடிய வலைத் தடுப்பு இருப்பதும், வெளியேற்றும் ஃபேன்களைவிட உள்ளே இழுக்கும் ஃபேன்கள் கூடுதலாக இருப்பதும் இதற்கு ஓரளவு தீர்வு. கேபினட்டைத் திறந்து சுத்தம் செய்வது எளிதாக இருக்க வேண்டும். 10 லிட்டர் கேபினட்டில் கூலரைத் தொட வேண்டுமானால் பாதிக் கணினியைக் கழற்ற வேண்டியிருக்கும், அதைச் செய்யச் சோம்பி விட்டுவிடுவோம்.

பிராசஸரில் நீண்ட விவாதம் தேவையில்லை. ரைசன் 5 7600 அதிகபட்சமாக 88 வாட் வரைதான் இழுக்கும். அதோடு வரும் கூலரின் உயரமும் 54 மி.மீ.தான். கோர் ஐ5 14400எஃப் விலையில் ஈர்க்கக்கூடும், ஆனால் உச்சத்தில் 148 வாட் வரை போகும், உள்ளமைந்த கிராபிக்ஸும் இல்லை, மதர்போர்டில் அது பொருந்தும் சாக்கெட்டுக்கு அடுத்த தலைமுறைப் பிராசஸரும் கிடையாது. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் சிறியதொரு கிராபிக்ஸ் பகுதி உண்டு என்பதால், நான்காவது திரையை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகிக்கொள்ளலாம். கிராபிக்ஸ் கார்டு பழுதாகிச் சர்வீஸுக்குப் போன நாட்களிலும் அலுவலக வேலை நிற்காது. சிமுலேட்டரே முதன்மை என்பவர்கள் மட்டும், 96 எம்பி கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) கொண்ட ரைசன் 7 7800எக்ஸ்3டியை எண்ணிப் பார்க்கலாம்.

மதர்போர்டும், பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்தே முடிவாக வேண்டியவை. 17 செ.மீ. சதுரமான மினி ஐடிஎக்ஸ் போர்டில் ரேமுக்கு இரண்டு இடங்கள்தான். 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறிய பிறகு, முதலில் 16 ஜிபியில் தொடங்கிப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு நான்கு இடங்கள் கொண்ட மைக்ரோ ஏடிஎக்ஸ் ஆறுதல் தரும். இந்தப் போர்டுகள் ஏற்கும் டிடிஆர்5 வகை ரேமில் நான்கு இடங்களையும் நிரப்பினால் வேகம் குறையும் என்பதால், இயன்றவர்கள் இரண்டு 16 ஜிபியாகத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவது மேல். ஆனால் எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது பழுதான நாளில் என்ன செய்வோம் என்ற கேள்வி. சிறிய கேபினட்டுகள் பல, 125 மி.மீ. அகலமும் 63.5 மி.மீ. உயரமும் கொண்ட எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸைக் கேட்கின்றன. அது ஒரு சனிக்கிழமை மாலையில் நின்றுபோனால், திருப்பாதிரிப்புலியூரிலோ புதுச்சேரி நேரு வீதிப் பக்கமோ உள்ள கடைகளில் உடனே மாற்று கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஆர்டர் செய்து காத்திருக்க வேண்டும், அல்லது சென்னை ரிச்சி தெருவுக்குப் பேருந்து ஏற வேண்டும். சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் எந்தக் கடையிலும் இருக்கும். நண்பரிடம் இரவல் வாங்கிக்கூட ஓட்டலாம். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆகவே கணினி ஒரே மேசையில் நிலையாக இருக்கப் போகிறதென்றால், ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸை ஏற்கும் 26 லிட்டர் மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினட்டையே பரிந்துரைக்கிறேன். விடுமுறைக்கு விடுமுறை விடுதிக்கும் வீட்டுக்கும் தூக்கிச் செல்லும் மாணவர்களுக்கு 18 லிட்டர் மினி ஐடிஎக்ஸ் சரி. 10 லிட்டரை, ஏசி அறை உள்ளவர்கள் 160 வாட்டுக்கு மேற்படாத கார்டோடு மட்டும் நினைத்துப் பார்க்கலாம்.

9060 எக்ஸ்டிக்கோ 5060 டிஐக்கோ தரமான 650 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். 9070க்கு 750 வாட் வைத்துக்கொள்ளலாம். யுபிஎஸ் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் தரக்கூடியது பெரும்பாலும் 360 வாட்தான். விளையாடும்போது மின்சாரம் போனால், 320 வாட் இழுக்கும் கணினியும் 70 வாட் இழுக்கும் மூன்று மானிட்டர்களும் சேர்ந்து அதை அந்த நொடியிலேயே அணைத்துவிடும். 600 வாட் தரும் 1000 விஏ யுபிஎஸ் வாங்குவதும், நடு மானிட்டரை மட்டும் அதில் இணைப்பதும் போதுமானது. விளையாட்டைச் சேமித்து முறையாக அணைக்க அந்தச் சில நிமிடங்கள் கிடைத்தால் சரி. வீட்டுக்குப் பொதுவாக வைத்திருக்கும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரை நம்பி இந்தக் கணினியை ஓட்டக் கூடாது. இக்கால எஸ்எம்பிஎஸ்கள் சைன் வேவ் மின்சாரத்தையே விரும்புகின்றன.

2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்ததையும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதையும் நினைத்தால், ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் கேபினட்டையும் யுபிஎஸ்ஸையும் தரையில் வைப்பதற்கே இடம் தரக் கூடாது. சிறிய கேபினட்டின் உண்மையான பலன் எனக்கு இங்கேதான் தெரிகிறது: கேபிள்களைப் பிடுங்கிவிட்டு ஒருவரே மாடிக்குத் தூக்கிச் சென்றுவிடலாம்.

பாகங்கள் வந்து சேர்ந்ததும், கேபினட்டில் பொருத்துவதற்கு முன் மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து இயக்கி, மூன்று மானிட்டர்களையும் ஒரே நேரத்தில் அவற்றுக்குரிய ரெஃப்ரெஷ் ரேட்டில் ஓட்டிப் பாருங்கள். கார்டின் ஒவ்வொரு இணைப்பையும் மாற்றி மாற்றிச் செருகிச் சோதியுங்கள். பொருளை மாற்றித் தருவதற்குக் கடையோ இணையத்தளமோ கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு. மூன்றாவது இணைப்பு வேலை செய்யவில்லை என்பது அதற்குப் பிறகு தெரியவந்தால், வாரன்ட்டிக்காகச் சென்னைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.